வாசலில் நிற்பவள்

மாட்டுங்கா, 12-7-1964, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டில் பேத்தி சாதத்தைத் தள்ளிவிட்டாள். என் மகன் ராகவன் வாசலைக் காட்டினான். "வெளியே ஒருத்தி நிக்கறா. சாப்பிடாத குழந்தையைக் கூட்டிண்டு போயிடுவா." குழந்தை அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மோர்க்கரண்டி என் கையிலேயே நின்றது. என் அம்மா என்னிடம் சொன்னது அது, ஒரு வார்த்தை மாறாமல். நான் பட்ட பயம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவனிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அடித்திருக்கிறேன். கான்வென்டில் எங்களுக்குச் செய்ததுபோல முட்டி போட வைத்திருக்கிறேன். பயமுறுத்தியதில்லை.

"இதை உனக்கு யார்டா சொன்னது?"

"நீதாம்மா. தூக்கத்திலே சொல்லுவே. பக்கத்துப் பாயிலே கண்ணை மூடிண்டு கேட்டுண்டிருப்பேன்." சிரித்தான்.

"இப்பவும்தான் சொல்றேள்" என்றாள் மருமகள், அடுப்படியிலிருந்து.

இருப்பது ஒரே அறை. குழந்தை என் பக்கத்தில்தான் படுக்கிறாள். இன்று பாயைத் தள்ளிப் போடச் சொன்னேன். குழந்தைதான் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தாள்.

எழுதிக்கொண்டே இருந்தால் விழித்திருக்கலாம். ஆனால் கண் சொருகுகிறது. குழந்தை இன்னும் தூங்கவில்லை. இமைகளை இறுக மூடிக்கொண்டு, என் பக்கம் காதைக் கொடுத்துப் படுத்திருக்கிறாள்.