நீல வில்லை மாடுகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மருந்துக் கம்பெனி மேலாளர் பக்கத்தில் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறாய். கால்நடை மருத்துவர் மாதிரி இல்லை, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றார் அத்தான்.

படத்துக்குக் கீழே இருந்ததையும் படித்தேன். சினை மாட்டுக்குத் தீவனத்தில் அந்தப் பொடியைக் கலந்து கொடுத்தால் மடிநோய் பாதியாகக் குறைகிறதாம். எந்தத் தீங்கும் தென்படவில்லையாம். தம்பி, உன் ஆராய்ச்சியில் என் தொழுவத்து மாடுகள் இருபது இருந்தன. அதில் மூன்று, சினை கலைந்து கன்று வீசின. நீயே வந்து பார்த்தாய், நோட்டில் எழுதினாய், ரத்தம் எடுத்தாய். அந்த மூன்றும் எங்கே போயின?

போனில் கேட்டால் மீட்டிங் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். யாராவது மறைக்கச் சொன்னார்களா? என்னிடம் மட்டுமாவது சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதியிருப்பது அக்காவா, போலீஸா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எதையும் மறைக்கவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் மூன்றும் இருக்கின்றன. பத்திரிகைக்காரர்கள் அதுவரைக்கும் படிப்பதில்லை. அந்த மூன்றும் காதில் நீல வில்லை போட்ட மாடுகள். சிவப்பு வில்லைக்குச் சிவப்புப் பை, நீலத்துக்கு நீலப் பை என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேனே, எந்தப் பையில் மருந்து என்று அப்போது எனக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த விவரம் எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்கள். நீலப் பையில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வெறும் மாவு. மாவைத் தின்று எந்த மாடும் கன்று வீசாது. வேறு காரணம் ஏதோ இருந்திருக்கிறது.

மற்ற தொழுவங்களில் பை மாறாமல் கொடுக்கிறார்களா என்று வாரம் ஒருமுறை போய்ச் சரிபார்த்தோம். உன்னிடத்தில் மட்டும் பார்க்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததுமே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாய் என்று இத்தனை நாள் கோபத்தில் இருந்தேன். உனக்கு ஒன்றுமே தெரியாது என்பது இப்போதுதான் புரிகிறது.

அந்த இரண்டு பையையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு கசந்தது, நீலம் சப்பென்று இருந்தது. கூடப் பிறந்தவனே என் பாதி மாட்டுக்கு மாவைக் கொடுத்து ஏமாற்றுகிறானே என்று வயிறு எரிந்தது. சிவப்பு வில்லை மாடுகள் சில ஈன்று முடித்து, அந்தப் பொடி மிச்சம் கிடந்தது. அதை எடுத்து நீல வில்லை போட்ட சுட்டிக்கும் கொம்பிக்கும் சின்னவளுக்கும் கொடுத்தேன். நல்ல மருந்துதானே என்று ஒரு கரண்டிக்கு இரண்டாக. அந்த மூன்றும்தான் கன்று வீசின.

அத்தானுக்குக்கூடத் தெரியாது.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

முதல் கடிதத்தில் நான் மறைத்தேன் என்றாய். இந்தக் கடிதத்தில் நீ மறைத்ததாகச் சொல்கிறாய். எதை நம்புவது? என் மேல் இருக்கும் கோபத்தில் எழுதவில்லையே?

நாங்கள் ரத்தத்தில் தேடியது நோய்க்கிருமியை. மருந்து இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

உன் கடிதத்தை எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "உங்க அக்காதானே? பேசிச் சமாதானம் பண்ணுங்க. இது வரவே இல்லைன்னு வச்சுக்கலாம்" என்றார். அடுத்த மாதம் பொடி கடைக்கு வருகிறது. ஒரு நிமிடம் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. நல்ல மருந்து என்றால் இரண்டு கரண்டி போடுகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதானா என்று பிறகு யோசித்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்று மாலையே எழுதிவிட்டேன்.

நீ செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்று மாடுகள்தானா? நன்றாக யோசித்துச் சொல்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது.

பால் சங்கத்திலும் போய்ச் சொல்லிவிட்டேன். பொடி வாங்கப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். "தம்பி ஒண்ணு சொல்றாரு, அக்கா ஒண்ணு சொல்றீங்க. யாரைத்தான் நம்புறது?" என்றார் செயலாளர். "ரெண்டு பேரும் இப்ப ஒண்ணைத்தான் சொல்றோம்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தான் இரண்டு நாளாகப் பேசவில்லை. தட்டை மட்டும் நகர்த்துகிறார்.

மூன்றுதான். நீ அப்படிக் கேட்டது சுருக்கென்றது. கேட்க உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, அதுதான் இன்னும் வலிக்கிறது. என் வார்த்தையை வைத்து எதையும் எழுதாதே. இருபது மாட்டு ரத்தமும் உங்கள் குளிர்பெட்டியில் இருக்குமே. எடுத்துப் பார்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுரையை நீக்கிவிட்டார்கள். கம்பெனி விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறது. அளவு கூடினால் என்ன ஆகும் என்பதைத்தான் இனி முதலில் சோதிக்கப் போகிறார்கள். அதை நடத்துவது நான் இல்லை. என்னை மாணவர்களின் ஆய்வறைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் குழாய் கழுவியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போது என் பெரிய வேலை.

ரத்தத்தைப் பார்த்தேன். முதலில் உன் மூன்று மாடுகளை. மூன்றிலும் மருந்து இருந்தது. அதோடு பெட்டியை மூடியிருக்கலாம். மூடவில்லை. மிச்சமிருந்த ஏழு நீல வில்லைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றிலாவது மருந்து இருந்துவிட்டால் தேவலை, உன் மேல் முழுசாகக் கோபப்படலாம் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் அதுவும் மறைத்ததாகிவிடும்.

ஏழிலும் ஒன்றும் இல்லை. மூன்றுதான்.

அத்தானிடம் நானே பேசுகிறேன். சின்னவள் மறுபடி சினை பிடித்திருக்கிறாளா என்று எழுது. நீ எழுதினால் போதும், நான் வந்து பார்க்க வேண்டியதில்லை.

அன்புடன்,
தம்பி