வெட்டிய முதற்காட்சி

என் மாஸ்டருக்கு,

நீங்கள் இருக்கும் இடம் வெளிச்சமாக இருக்கட்டும். ஊரே அழைத்த பெயரால்தான் நானும் உங்களை அழைத்தேன். இன்றும் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

நீங்கள் போன பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்துவிட்டேன். அதன் பிறகும் வெளியே போக மனமில்லை. கல்முனையில் கடைகளை எப்போது பூட்டுவார்கள் என்று தெரியாது, பஸ் வந்தால் வரும். களைப்பாக இருக்கிறது.

போன கிழமை இங்கிலாந்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் தமிழாக்கினீர்களே, அந்த நாடகத்தின் ஆசிரியர். நீங்கள் மௌத்தானது அவருக்குத் தெரியாது. தன் நாடகத்தை நம் ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது, பத்து வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

எப்படிச் சொல்வீர்கள்? கடைசிக் காட்சியில் கணவன் மனைவியைப் பார்த்து, "என் வீட்டை விட்டு வெளியே போ" என்கிறான். நம் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்து அங்கே வந்து குடியிருப்பவன்தான் ஆண். பின்வரிசையில் ஒருவன் எழும்பிக் கத்தினான்.

"டேய், ஊடு அவள்ர ஊடுடா! நீ உண்ட உம்மாட ஊட்ட போ மச்சான்!"

மண்டபமே சிரித்தது. உண்மையில் அவன் கத்துமுன்பே பெண்களுக்கென்று மறைத்துக் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரித்துவிட்டோம். அதில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

பதில் எழுதுவதற்காக உங்கள் பெட்டியைத் திறந்து அவருடைய பழைய கடிதங்களை வாசித்தேன். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு பேக்கரியில் மாவு பிசைந்தவர். சமையலறைச் சண்டைகளை எழுதியே லண்டன் மேடைக்குப் போனவர். 'வெளியே போ' என்ற அந்த வசனம் அவருடைய வாப்பா அவருடைய உம்மாவிடம் சொன்னதாம். அந்தப் பெண் ஒரு தேநீர்க் கேத்தலை மட்டும் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாளாம். இதை ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை, மாஸ்டர்?

முதற்காட்சியில், அவர்கள் குடிவந்த நாளில், ஓர் அதிகாரி வீட்டுப் பத்திரத்தில் கணவனின் பெயரை மட்டும் எழுதுவார். "என் பெயர்?" என்று மனைவி கேட்பாள். அதைச் சபை பார்த்திருந்தால் கடைசியில் யார் சிரித்திருப்பார்கள்? அந்தக் காட்சியை வெட்டச் சொன்னவள் நான். "மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொல்ல முந்தி நாடகம் முடியணும். இது வெறும் கடுதாசிக் கதை" என்று சிவப்புப் பென்சிலால் நானே கோடு போட்டேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்த திமிர். ஊராருடைய எழுத்துப் பிழையெல்லாம் கண்ணில் படும்; என்னுடைய இந்தப் பிழை பட பத்து வருடம் சென்றது.

நேற்று ஜெஸீமா டீச்சர் வந்தாள், உங்களிடம் படித்தவள். பள்ளிப் பெண்பிள்ளைகளை வைத்து அதே நாடகத்தைப் போடக் கைப்பிரதி கேட்டாள்.

"மாமி, கடைசி இடத்த மாத்துவமா? அவள் அவரப் பாத்து 'எழும்பிப் போங்க' எண்டு சொல்லட்டும். சனம் கைதட்டும்."

"கைதட்டும். நாடகம் எழுதின அந்த மனிசன்ட உம்மாக்கு அதால என்ன கிடைக்கும்?"

"இல்லாட்டிப் பழையபடி சிரிப்பாங்களே, மாமி."

"முதல் காட்சியப் பாத்துப்போட்டும் சிரிச்சா, அது அவங்கட பிழை. பாக்காமச் சிரிச்சது எண்ட பிழை."

அவள் தேநீரைக் குடித்துவிட்டு, அடுத்த வெள்ளி வருவதாகச் சொல்லிப் போனாள்.

வெட்டிய பக்கங்களை நீங்கள் எறியவில்லை. கொப்பியின் கடைசியில் ஊசி குத்தி வைத்திருக்கிறீர்கள். என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது. கண் மங்கல், ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் பிரதி எடுக்க முடிகிறது. வெள்ளிக்குள் முடித்துவிடுவேன், ஒரு சொல் குறையாமல்.

பிறகு அவருக்கு எழுதுவேன். "உங்கள் உம்மா வீட்டை விட்டுப் போனபோது இந்த ஊர் சிரித்தது, சிரிக்க வைத்தது மாஸ்டர் அல்ல, அவருடைய மனைவி" என்று என் கையெழுத்திலேயே எழுதுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உம்மா