பெயிண்ட் காயும்வரை ஃபேன் கிடையாது

செல்வி,

எழுப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்றுதான் எழுதிவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. மிக்ஸி மேல் உன் மாடல் விமானத்தின் சக்கரங்கள் காய்வதால் சட்னி அரைக்கவில்லை. பொடி தொட்டுக்கொள்.

நேற்று வெக்கை தாங்காமல்தான் ஃபேனைப் போட்டேன். ஜன்னல் வழியே வரும் அனல்மின் நிலையத்துக் கரித்தூள் ஈர இறக்கையில் போய் ஒட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எர்ணாவூரில் கரித்தூள் ஒட்டாத பொருள் எது? துணி, தட்டு, என் மூக்கு எல்லாவற்றிலும்தான் ஒட்டுகிறது. அதற்காக, "ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு இதை எப்படிங்க கொண்டுபோவேன்?" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமலேயே படுத்துவிட்டாய். ஒரு பொம்மைக்காகவா? சரி, பொம்மை இல்லை, போர் விமானம். உலகப் போர் முடிந்து எவ்வளவோ காலமாகிறது, நம் வீட்டில்தான் இன்னும் முடியவில்லை.

மத்தியானம் என் பேச்சி அக்கா பிள்ளைகளோடு வருகிறாள். விமானத்தை ஸ்டாண்டோடு பீரோ மேல் ஏற்றிவிடு. அதுகள் கையில் கிடைத்தால் நிஜமாகவே பறக்கவிட்டுவிடும். குழம்புக்குக் காசிமேட்டு வஞ்சிரம் கொடுத்தனுப்புகிறேன்.

பி.கு.: காலையில் பார்த்தேன். நான் தூங்கிய பிறகு எழுந்து, தூளையெல்லாம் தேய்த்தெடுத்து மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறாய். இன்னும் காயவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். அக்காவுக்கும் போன் போட்டு, "ஃபேன் ரிப்பேரு அக்கா, ஆளு நாளைக்குத்தான் வருவான்" என்று சொல்லிவிட்டேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

மாசானம்