கடைக்காரர் வீட்டு சைக்கிள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து வாடை வேறு. ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டும்.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. சாக்கைத் தலைகீழாக உதறினேன். ஒரு கைப்பிடி, அதிலும் பாதி தூசி. கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த சரக்கில் கடைசி மூட்டை.

கல்யாணமாகித் தெற்கே நாசரேத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து பருப்பு வாங்க நான் ஒரு கடைவாசலிலும் நின்றதில்லை. மளிகைக் கடைக்காரர் பெண்டாட்டி இன்னொரு மளிகைக் கடையில் போய் நிற்கக் கூடாது. எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சொந்தக் கடைச் சரக்கு வீட்டுக்கே ஆகவில்லையா என்றுதானே. காலையில் சொல்லிவிட்டால் மத்தியானம் சாப்பிட வரும்போது இவரே கொண்டுவருவார். அதுவும் நேரத்துக்கு வந்தால். சோறு ஆறுகிறது என்று ஃபோன் போட்டால் ஒரே பதில்தான், "கூட்டம் இருக்கு." எத்தனை சண்டை அதற்கு.

இப்போது கடையே இல்லை. கட்டடத்துக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்றார். பொங்கல் கழிந்து காலி செய்தோம். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர். பேப்பர், காபி, மறுபடி அதே பேப்பர். தெருமுனை தாண்டுவதில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கும் வருவதில்லை. தெரிந்தவர்கள் பார்த்தால் கடையைப் பற்றிக் கேட்பார்களாம். ஆள் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

பருப்பு இல்லை என்றேன்.

"பருப்பில்லாம ரசம் வையி." பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வைத்தேன். எத்தனை நாளைக்கு?

ஜூலை 8, செவ்வாய்

மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்து ஃபோன். "ஆர்டர் போடும்மா, வீட்டுக்கே வரும்." இவர் காதில் விழுந்தால் இரண்டு வேளை சாப்பிட மாட்டார். அந்த ஆர்டர்தான் கடையில் பாதிக் கூட்டத்தைக் கொண்டுபோனது.

பக்கத்துக் கடைகளுக்குப் போக முடியாது. எல்லாருக்கும் எங்களைத் தெரியும். "அண்ணாச்சி வூட்டம்மா பருப்பு வாங்க வந்துகீது" என்று ஒரு வாய் சொன்னால் போதும், தெரு முழுக்கப் போய்விடும். தூரத்துக் கடைக்குத்தான் போக வேண்டும். நடந்தால் இடுப்பு பிடிக்கும். மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் முறைப்பார்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஷீபாவின் காலேஜ் சைக்கிள். மேலே பாய், உடைந்த குடை, கொசுவலை. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். முன்கூடை துரு, ஓட்டை இல்லை.

பஞ்சர் கடை பாய் இரண்டு ட்யூபும் மாற்றினார்.

"யாரு ஓட்டறது? பாப்பா வந்துகீதா?"

"நான்தான்."

சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். சீட்டை இறக்கி வைத்தார். "ரெண்டு காலும் தரைல படணும்மா. அப்பால பயம் வராது."

சாயங்காலம் சந்துக்குள் ஓட்டிப் பார்த்தேன், ஷீபாவின் பழைய சுடிதாரில். ஸ்கூலில் ஓட்டியது உடம்புக்கு மறக்கவில்லை, முட்டிக்குத்தான் மறந்திருக்கிறது. மாடி வீட்டு ஜோதி மேலிருந்து, "இன்னாக்கா, பரீட்சைக்கா கெளம்பிட்ட?" திமிர் பிடித்தவள்.

இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியது: து.பருப்பு, ரவை, ந.எண்ணெய், சோப்பு, ஜோதிக்குக் கால்வலித் தைலம்.

போனேன். காசிமேடு போகிற வழியில், மீன் துறைமுகத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மளிகைக் கடை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் பக்கத்தில் வந்தால் ரோடே ஆடுகிறது. இறங்கி ஓரமாக நின்றேன். போனதும் ஏறினேன். அடுத்தது வந்தது, இறங்கினேன். ஓட்டியதைவிட நின்றதுதான் அதிகம்.

கடையில் நல்ல கூட்டம். மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு. உள்ளே ஒரே பொம்பளை, நிறுப்பதும் அவள், காசு வாங்குவதும் அவள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் கை தானாகக் கல்லாப் பக்கத்துப் பலகையைத் தூக்கியது. உள்ளே போனேன். பருப்புச் சாக்கின் வாயை மடித்தேன், அள்ளினேன், தராசில் போட்டேன். நம் கடையில் சாயங்காலக் கூட்டத்துக்கு நானும் நிறுத்துப் போடுவேன், அந்தப் பழக்கம். ஒரு நிமிஷம் கூட இது வேறு கடை என்று தோன்றவில்லை.

"யாரும்மா நீ? பாட்டுக்கு உள்ள பூந்துகினு அள்ளிகினு கீற?"

கை அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது. மீன்காரம்மா ஒருத்தி, "சுடிதார் போட்டுகினு டீசென்ட்டா வந்துகீது பாரேன், திருட" என்றாள்.

"மன்னிச்சிருங்க. எங்க கடைன்னு நெனச்சிட்டேன்."

"உங்க கடையா?"

சொன்னேன். தண்டையார்பேட்டையில் கடை வைத்திருந்ததை, மூடியதை. அந்தப் பொம்பளை என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டில் சரியாக ஒரு கிலோ.

"சரி, நிறுத்துட்ட இல்ல, கட்டிக்கோ. அப்டியே இந்தம்மாவுக்கும் அரை கிலோ போடு. எனுக்கு ரெண்டு கைதான் கீது."

திருடி என்றவளுக்கே நிறுத்துப் போட்டேன்.

கடைக்காரி பேர் தேவி. வீட்டுக்காரர் போட்டில் போனால் கரைக்கு வர நாளாகும். கடை இவள் பொறுப்பு.

திரும்பும்போது எண்ணெயை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன். ஊஞ்சல் ஆடி முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் ரவைப் பொட்டலம் வேறு கிழிந்தது.

"எங்க வாங்குன?" என்று கேட்டார் இவர். பல நாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட ஒரு கேள்வி. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன், பலகையைத் தூக்கினது வரைக்கும், திருடி வரைக்கும்.

சிரித்தார். பேப்பர் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர். அப்புறம் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார்.

"பழசில்ல. நல்ல பருப்புதான்."

மத்தியானம் சாம்பார். இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

அரிசி, முட்டை. தேவி கடையில்தான். பலகைக்கு இந்தப் பக்கமே நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. தேவி அதற்கும் ஒரு சிரிப்பு.

வாசலில் இறக்கும்போது இவர் எழுந்து வந்துவிட்டார். முகமெல்லாம் கோபம்.

"என்னளா இது? அரிசி முன்னால கெடக்கு, முட்டை பின்னால இருக்கு. உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. அதான் இப்படி."

"கனம் பின்னால, சீட்டை ஒட்டிக் கெடக்கணும். உடையுறது கண்ணு முன்னால. எண்ணெய் நிக்கணும், தொங்கக் கூடாது. முன்னால கனத்தைப் போட்டா வண்டி நீ சொன்ன பக்கம் திரும்பாது."

திட்டிக்கொண்டே பரண் மேல் ஏறினார். கடை சைக்கிளின் பெரிய கேரியர் அங்கே கிடந்தது, இரும்பில் அகலமாக. ஷீபா சைக்கிளின் சின்ன கேரியரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். பழைய ட்யூபைக் கிழித்து மூட்டை கட்ட ஒரு வார். சாயங்காலம் முழுக்க அந்த வேலை. பனியன் எல்லாம் கிரீஸ். துவைக்கப் போகிறவள் நான், வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்கு சைக்கிளில். "வாங்க" என்றேன். "தலைவலி."

முதலில் காசிமேட்டில் மீன், அப்புறம் கோயில் என்று போட்ட கணக்கு தப்பு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் என் சைக்கிளைச் சுற்றிப் பூனைகள் வரிசையாக. சபை ஐயர் என்னையும் பையையும் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார். சங்கரா மீன் தப்பியது.

மீன் குழம்பு. ஜெபப் புத்தகத்தில் கூட மீன் வாசனை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. வடாம் போட நல்ல நாள், போடவில்லை.

செய்ய வேண்டியது: மிக்ஸி ஜார் ரிப்பேர். மாவு மில். ஜோதிக்கு மாத்திரை. கீழ் வீட்டு டீச்சருக்குக் கறிவேப்பிலை, தேங்காய். இந்தச் சந்தில் எல்லாருக்கும் இப்போது என் சைக்கிள் கண்ணில் படுகிறது. "எக்கா, அப்டியே வர்றப்ப" என்று ஆரம்பிக்கிறாள் ஜோதி. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது, யாரையும் கேட்காமல் போகிறேன், வருகிறேன். ஐம்பது தாண்டி இப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று யார் நினைத்தது.

இவருக்குப் பொறுக்கவில்லை. "நீ என்ன, ஊருக்கெல்லாம் சாமான் சுமக்குதியா?"

"நீங்க சுமந்தீங்க. இப்ப நான். நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிச்சா நான் உக்காருதேன்."

சொல்லியிருக்க வேண்டாமோ. இல்லை, சொல்ல வேண்டியதுதான். யாரும் சொல்லாமல் எல்லாரும் தாங்கித் தாங்கித்தான் இப்படி ஆகிவிட்டார்.

இரவு ஒரே தோசையோடு எழுந்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று மழை. இன்று ரோடெல்லாம் தண்ணீர். எது பள்ளம் எது ரோடு என்று தெரியவில்லை. திரும்பும்போது, தேவி கடையைத் தாண்டியதுமே முன்சக்கரம் பள்ளத்துக்குள் போய் விழுந்தேன். டிரெய்லர் எதுவும் வரவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இடது மணிக்கட்டு வீக்கம். தேவி கடையிலிருந்து ஓடி வந்தாள். "எழுந்திரிக்காத, குந்து, குந்து. கைய அசை பாக்கலாம்." ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். சைக்கிளையும் சாய்த்து அதிலேயே திணித்தாள்.

எலும்பு முறிவில்லை என்று டாக்டர். கட்டுப் போட்டாயிற்று. கனம் தூக்கக் கூடாது, சைக்கிள் கூடவே கூடாது.

ஷீபா ஃபோனில் கத்துகிறாள். இவர் ஃபோனை வாங்கி, "சரி, சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வாராம்.

சாயங்காலம் வாசலில் சத்தம். முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 21, திங்கள்

வானம் வெளுத்திருக்கிறது. கை வலி தேவலை.

உப்பு காலி. அடுப்பில் குழம்பு. வெறும் உப்பு ஜாடியை அவர் பேப்பர் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"உப்பு எந்தக் கடையில?"

"தேவி கடையில."

"பக்கத்துல கெடைக்காதா?"

"கெடைக்கும். பக்கத்துல எல்லாருக்கும் உங்களத் தெரியும்."

உள்ளே போனார். வெள்ளைச் சட்டையில் வந்தார், கடைக்குப் போட்டுப் போகிற சட்டை. லேடீஸ் சைக்கிளை இறக்கினார். ஜோதி மேலிருந்து, "அண்ணாச்சி, சோக்கா கீது" என்றாள். நிமிர்ந்து பார்க்காமல் மிதித்துவிட்டார்.

குழம்பு கொதித்து அடங்கியது. ஆள் வரவில்லை. ஃபோன் போட்டால் நாற்காலியில் அடிக்கிறது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார். ரோட்டில் டிரெய்லர் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நான்தானே அனுப்பினேன், ஜாடியைக் கொண்டுபோய் வைத்து. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு நடந்தேன். வழியெல்லாம் ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடை வாசலில் சைக்கிள். ஸ்டாண்ட் போட்டு, பூட்டி.

இவரைக் காணோம். கல்லாவில் தேவி, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"எக்கா, உன் வூட்டுக்காரரு உப்புன்னு கேட்டுகினு நின்னாரு. நல்லாத்தான் நின்னாரு. அப்பால பாத்தா பலகைய தூக்கிகினு உள்ள வந்துட்டாரு. இன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?"

எட்டிப் பார்த்தேன். பலகைக்கு அந்தப் பக்கம், சாக்குகளுக்கு நடுவில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இவர். ஒருத்திக்குப் புளி, இன்னொருத்திக்குக் கடலைப்பருப்பு. கை நிற்கவில்லை. நெற்றியில் வேர்வை.

கூப்பிடவில்லை. மீன்காரம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"அம்மாவுக்கு என்ன வேணும்?" என்றார், தராசைப் பார்த்துக்கொண்டே.

"கல் உப்பு. ஒரு கிலோ."

நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், கைக்கட்டைப் பார்த்தார். உப்புப் பாக்கெட்டை எடுத்து என் நல்ல கையில் வைத்தார்.

"சாப்பிட வாங்க. சோறு ஆறுது."

"நீ போளா. கூட்டம் இருக்கு."