எனக்கு வலிக்கிறது, நைனா

நாலு தெருவுக்குக் கேட்கச் சிரிக்கும் என் நைனாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். மில்லில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த களைப்பு. சிம்னி விளக்கின் திரியை இறக்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தாலே காகிதத்தை மறைத்துவிடுகிறேன். வைத்தியத்துக்கென்று மில்லில் அவளுக்குக் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு இன்னும் என் பள்ளிக்கூடப் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் பயந்த கதை. போன மாதம் என் வலது காலில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. உனக்கு வந்த அதே கால், அதே இடம். அந்தப் புண்ணோடுதான் உன்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நீ திரும்பி நடந்து வரவில்லை. "சக்கர வியாதி பரம்பரையா வருமாம்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்காது என்று நினைத்தார்களா?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மில்லில் உன் வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். தினமும் கிளம்பும்போது, "நீ நல்லா இருந்தா போதும்மா எனக்கு" என்கிறாள். அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வேன்?

பக்கத்து வீட்டுப் பத்மாதான் கண்டுபிடித்தாள். "இன்னாடி, கொக்கு மாதிரி ஒத்தக் கால தூக்கிக்கினு நிக்கிற?" என்றாள். சொன்னேன். "உங்கம்மா கார்டுல உனக்கும் வைத்தியம் பாப்பாங்கடி. எடுத்துக்கினு வா, நானும் வரேன்."

இன்றைக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். நேராக இன்ஷூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே டாக்டர் நல்லவர்தான். ஆனால் புண்ணைப் பார்த்ததும், "மெட்ராஸுக்குச் சீட்டு எழுதித் தரேன், பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்றார். மெட்ராஸ் என்று காதில் விழுந்ததும் நொண்டிக்கொண்டே வெளியே ஓடி வந்துவிட்டேன். இந்த ஊரிலேயே காலைப் பார்க்க, இந்தக் கார்டை வாங்கிக்கொள்ள ஒரு டாக்டர் கூடவா இல்லை?

ராஜ வீதியில் ஒரு டாக்டர் வீட்டில் கேட்டோம். கம்பவுண்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்க செல்லாதும்மா" என்றார். "செல்லாத கார்ட எதுக்குண்ணா அவ்ளோ நேரம் பாத்தீங்க?" என்று பத்மா கேட்டுவிட்டாள். அவளை இழுத்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் காலில் கட்டோடு ஒரு வாட்ச்மேன் தாத்தா இருந்தார். "காலா? சின்ன காஞ்சிபுரம் போங்கம்மா. பெருமாள் கோயிலுக்குப் பின்னால ஒரு டாக்டரம்மா இருக்குது. காலுன்னா அதுக்கு அத்துப்படி. இந்தக் கார்டுக்கே பாக்குது. என் கால எடுக்கணும்னாங்க. பாரு, இன்னும் என்கிட்டதான் இருக்குது!" என்று கட்டுக் காலை ஆட்டிக் காட்டினார்.

அடுத்த பஸ்ஸிலேயே சின்ன காஞ்சிபுரம் போனோம். டாக்டரம்மா கார்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். செல்லாது என்று சொல்லவில்லை! நான் உன் புண்ணைப் பற்றியும் சொன்னேன். ஒரு சின்ன சீசாவில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லி, நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டினார். சர்க்கரை இருப்பதால் உன்னுடையது செங்கல் நிறமாக மாறியதை அம்மா எத்தனை முறை சொல்லி அழுதிருக்கிறாள்! பட்டுக்குச் சாயம் போடுகிற ஊரில் பிறந்தவள்தான் நான். ஆனால் ஒரு நிறத்துக்காக இப்படி நடுங்கியதில்லை. குழாய் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

"உனக்குச் சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆமா, எதைப் போட்டு நடக்கிற?"

"செருப்புதான். வாசல்ல விட்டிருக்கேன்."

"போய் எடுத்துட்டு வா."

டாக்டர் அறைக்குள் யாராவது செருப்பைக் கொண்டுபோவார்களா? காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, கையில் ஏந்திக்கொண்டு போனேன். அது உன் செருப்பு, நைனா. அம்மா வேலைக்குப் போன பிறகு பரணிலிருந்து எடுத்து, வாருக்குள் துணியைத் திணித்து, நான்தான் போட்டுக்கொண்டு போகிறேன். சரக் சரக் என்று நீ தெருவில் வருகிற அதே சத்தம் அதில் வருகிறது.

டாக்டரம்மா உள்ளே விரலை ஓட்டினார். தேய்ந்த தோலுக்கு மேலே ஒரு ஆணியின் முனை எட்டிப் பார்த்தது.

"எங்க நைனாவுக்கும் இதுதானா?" என்றேன்.

அவர் செருப்பைக் கீழே வைத்தார். "இருக்கலாம். சக்கரை இருந்தா கால் மரத்துப் போயிடும். குத்தினாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. உனக்கு வலிக்குதா?"

"உயிர் போகுது டாக்டர்."

"நல்ல சேதி! உன் கால் உன்கிட்ட பேசுது" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டார். நான் போட்ட கூச்சலில் பத்மா உள்ளே ஓடி வந்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தேன். வலிக்கிறதே என்று யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா?

கோயில் தெருவில் செருப்பு தைப்பவர் ஆணியைப் பிடுங்கிவிட்டார். செருப்பை இனி ஒளிக்க மாட்டேன். அம்மா செருப்புக்குப் பக்கத்தில், வாசலிலேயே இருக்கட்டும்.

விடிந்ததும் கார்டை அம்மா கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்வேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள். பிறகு அவள் குதிகால் வெடிப்பைக் காட்ட அவளையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவேன். இனிமேல் எங்கே வலித்தாலும் மறைக்க மாட்டேன், நைனா. தெருவே கேட்கக் கத்துவேன். உனக்குத் தெரியாமல் போன வலிக்கும் சேர்த்தே கத்துவேன்.

உன் செருப்பில் இன்னும் பாதிதான் கால் நிரம்பும் மகள்,
சரோஜா