எமனுக்கு வேறு வேலை

மார்ச் 4

புது எமன் வேலைக்கு வந்த முதல் நாளே டிமிக்கி கொடுத்துவிட்டது.

தட்டில் நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ள செல் அதை உள்ளே விடாது. பழைய குப்பியிலிருக்கும் எமனை விட்டிருந்தால் இந்நேரம் பார்க்கும் இடமெல்லாம் நீலமாக இருக்கும். இன்று ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் முத்து முத்தாக, பளபளவென்று. புற்று செல்லுக்கு இவ்வளவு ஆரோக்கியம் ஆகாது.

பழைய குப்பி தீரப்போகிறதே என்றுதான் புதிதாகத் தயாரித்தேன். அதே முறை, அதே கை. எங்கோ கைப்பிசகு. நாளை மறுபடி.

மார்ச் 7

மறுபடியும் சாகவில்லை.

மார்ச் 8

ஞாயிறு. மகள் வீட்டுப்பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "உன் எமன் யாரும்மா?" என்றாள். பதினேழாம் எண் எதிர்ப்பொருளுக்கு ஆய்வகத்தில் வைத்த பட்டப்பெயர் என்றேன். அது போதவில்லை அவளுக்கு. செல்லின் மேல் ஓர் இருக்கை இருக்கிறது, சாவுச் செய்தி வந்து உட்காருவதற்கென்றே. செய்தி வந்து உட்கார்ந்தால் செல் அடம்பிடிக்காது. தன்னைத்தானே மடித்து, சின்னச் சின்னப் பொட்டலமாகி, ஓய்ந்துவிடும். புற்றுக்கட்டிக்குள் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் செய்திக்குப் பதிலாக எமனை அனுப்புகிறோம். அது அதே இருக்கையில் உட்கார்ந்து செல்லைச் சாகச் சொல்லும்.

"செல்லுக்கு வலிக்குமா?"

"தெரியலையே."

"நீ கேட்டுப் பாக்கலையா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு வருஷமா உங்கம்மா அதை ஒண்ணைத்தான் கேக்கல."

சிரித்தேன். ஆனால் நல்ல கேள்வி. எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 12

தலைவர் (எங்கள் பேராசிரியர், அவர் எதிரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) வாசலில் நின்றபடியே, "எமன் எப்படி இருக்கான்?" என்றார். "வேலை செய்ய மாட்டேங்குது சார்" என்று சொல்ல வாயெடுத்து, "பாத்துட்டிருக்கேன் சார்" என்றேன்.

ஏப்ரல் கடைசியில் நிதிக்குழு வருகிறது. எமன் கொன்றால் எனக்கு மூன்று வருட நீட்டிப்பு. கொல்லாவிட்டால் மே மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த வயதில் வேறு ஆய்வகம் தேடி யார் வாசலில் போய் நிற்பது?

பக்கத்து மேசைக்காரர் யோசனை சொன்னார்: "பழைய குப்பியில இன்னும் கொஞ்சம் இருக்குல்ல? அதை வச்சுக் கடைசிப் படத்தை முடிச்சுக் காட்டிடுங்க. புதுசு ஏன் மக்கர் பண்ணுதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் இல்லையே, பழையது கொல்லத்தானே செய்கிறது! ஆனால் ஒன்று கொன்று ஒன்று கொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மார்ச் 17

புதியதன் மேல் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சை வளையம். அதாவது எமன் ஒழுங்காகப் போய் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து? ஒன்றுமில்லை. அரட்டை அடிக்கிறதா அங்கே?

மார்ச் 23

குளிர்பெட்டியிலிருந்து புதுக் குப்பியை எடுத்தால் அடியில் பஞ்சு போலப் பூஞ்சை. மூன்றே வாரம்! நல்லவேளை, இன்னொரு குப்பி உறைபெட்டியில் இருக்கிறது.

தூக்கிப் போடப் போனவள் நின்றுவிட்டேன். அதே அடுக்கில்தான் பழைய குப்பியும் இருக்கிறது. அதைத் திறந்து மூடாத நாள் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. புதியது கெட்டுப்போனது அதிசயமில்லை. பழையது ஏன் கெடவே இல்லை?

மார்ச் 24

சுத்தம் அக்காவைக் கேட்டேன். ஆய்வகப் பொருள்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மேசையில் ஒரு துளி சிந்தினால் நமக்கு முன்னால் அவர் துணி வந்து நிற்கும்.

"அந்த அடுக்குல இருந்ததுக்கு எல்லாம் அசைடு போட்டேனே. ரெண்டு வருஷம் முன்னாடி கரண்ட் போய்க் குளிர்பெட்டி நாறிப்போச்சே, அப்போ. உன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லலையேக்கா."

"கெட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்டி போட்டேன்."

அசைடு. குப்பியில் இருப்பது கெடாமலிருக்கப் போடும் விஷ உப்பு. பூஞ்சை அண்டாது, பாக்டீரியா அண்டாது. செல்லின் மூச்சையும் அது அடைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்திருந்த சாதாரண எதிர்ப்பொருள் உறைபெட்டியில் இருந்தது. அங்கே எதுவும் கெடாது, அதனால் அதில் யாரும் எதையும் போடவில்லை. ஆகையால் அது கொல்லவில்லை, எமன் கொன்றது. ஐயோ.

மார்ச் 25

ரெண்டு வருஷம். நான் பாத்துக் குதிச்ச ஒவ்வொரு நீலமும் அந்த விஷத்தோட வேலையா? அக்கா மேல கோவப்படக்கூட முடியல. அவங்க என் குப்பியைக் காப்பாத்தினாங்க. வேற யாரைத் திட்டறது?

மார்ச் 28

அழுதது போதும். சோதித்துப் பார்த்துவிடலாம்.

பழைய எமனை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி உப்புக்கரைசலில் ஊறப் போட்டேன். அசைடு கசிந்து வெளியேறிவிடும், பெரிய மூலக்கூறான எமன் உள்ளேயே தங்கும். பிறகு தட்டில் மூன்று வரிசை. கழுவாத எமன்: சாவு. கழுவிய எமன்: ஒன்றும் சாகவில்லை. எமனே இல்லாமல் வெறும் அசைடு: சாவு, அதுவும் ஜோராக.

இரண்டு வருடமும் அசைடுதான் கொன்றிருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த இரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான விடை எனக்குக் கிடைத்ததே இல்லை.

மார்ச் 30

தலைவரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "இந்தச் சோதனையை ரெண்டு வருஷம் முன்னாடியே நான் பண்ணச் சொல்லியிருக்கணும்" என்றார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"சரி, ஒட்டுது. கொல்லல. அப்போ அங்க உக்காந்துக்கிட்டு என்னதான் பண்ணுது?"

அதே கேள்வி! எனக்கு மட்டும்தான் குடைகிறது என்று நினைத்திருந்தேன்.

நிதிக்குழு வர இன்னும் நான்கு வாரம்தான்.

ஏப்ரல் 3

பஸ்ஸில் ஒரே கூட்டம். ஒருவர் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார். ஒரு அம்மா கை வலிக்கப் பையோடு நிற்கிறார். யாரும் அதில் உட்காரவில்லை. துண்டு ஒன்றும் செய்யவில்லை, சும்மா கிடக்கிறது, ஆனாலும்...

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எமன் கொல்லுமா என்று மட்டும்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? நிஜமான சாவுச் செய்தி வந்தால் அதற்கு உட்கார இடம் இருக்குமா என்று கேட்கவே இல்லையே!

ஏப்ரல் 9

முதலில் கழுவிய எமனை விட்டேன். அது உட்காரும் வரை காத்திருந்து, மேலே சாவுச் செய்தியை (அதுவும் ஒரு புரதம்தான், குப்பியில் கிடைக்கும்) விட்டேன். தட்டின் பக்கத்துக் குழிகளில் செய்தி மட்டும்.

செய்தி மட்டும் போன இடத்தில் எல்லாம் நீலம். எமன் முன்கூட்டியே உட்கார்ந்த இடத்தில் செல்கள் முத்து முத்தாக! சாகவில்லை!

நம்ப மாட்டேன். இதற்கு முன் ஒருமுறை நம்பித்தான் இந்தக் கதி.

ஏப்ரல் 16

இந்த முறை உறைபெட்டியில் இருந்த புது எமன். குழிகளில் எது எது என்று சொல்லாமல் பக்கத்து மேசைக்காரரை நீலச் செல்களை எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு, "இந்த வரிசைக்கு எதுவுமே போடலையா?" என்றார். அந்த வரிசைக்குத்தான் இரண்டையும் போட்டிருந்தேன்.

சுத்தம் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே இருந்தவர்.

ஏப்ரல் 28

நிதிக்குழு. தலைவர் என்னையே பேசச் சொன்னார். அசைடு கதையிலிருந்து ஆரம்பித்தேன். ஓர் அம்மையார், "அதாவது, நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கு" என்றார்.

"ஆமாம் மேடம்."

"புற்றுநோய்க்கு ஆகாது."

"ஆகாது மேடம்."

வேறெதற்கு ஆகும் என்றார். வீங்கிய கல்லீரலில் சாகக் கூடாத செல்கள் இதே செய்தியைக் கேட்டுத்தான் சாகின்றன, அங்கே தடுக்க முடியுமா என்று பார்க்க ஆசை, முடியும் என்று இன்று சொல்ல மாட்டேன் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மே 6

மூன்று வருடம் கேட்டோம். ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள்.

"ஒரு வருஷத்துல என்ன பண்ணுவே?" என்றார் கணவர். தெரியவில்லை. தெரியாததை எண்ணிச் சந்தோஷமாக இருப்பது பைத்தியக்காரத்தனமா?

ஜூன் 15

முதல் கல்லீரல் செல் தட்டு. எமன் உட்கார்ந்த பிறகு சாவுச் செய்தியை விட்டு, சாயம் ஊற்றிக் குனிந்தேன். செய்தி மட்டும் போன குழி முழுக்க நீலம். எமன் உட்கார்ந்த குழியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேடினேன். நீலம் அங்கொன்று இங்கொன்றுதான்.

சுத்தம் அக்கா என்னை நகர்த்திவிட்டுத் தானும் அந்தக் குழியைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமே சாகலையேடி. அப்புறம் எதுக்குச் சிரிக்கிறே?"