நாங்கள் பெயர் மாற்றப் போன வருடம்

அண்ணை,

இன்று வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் யாரோ விட்டுப்போன ஜெர்மன் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. ஸ்பெயினிலிருந்து பிரியக் கேட்கும் கற்றலோனியாவின் விடுதலைக் கூட்டணி மறுபடியும் உடைந்து, ஒரு பாதி புதுப்பெயர் வைத்துக்கொண்டதாம். அதை வாசித்த பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அவர்களின் தலைநகரான பார்சலோனாவில் ஒலிம்பிக் நடந்த கோடை ஞாபகம் இருக்கிறதா? டோர்ட்மண்டில் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நாங்கள் ஓட்டம் பார்க்கவில்லை. கற்றலோனியாச் சனம் பிடித்திருந்த மஞ்சள் சிவப்புக் கோட்டுக் கொடியைத்தான் பார்த்தோம். "பாரும் தம்பி, எங்களை மாதிரி நாடில்லாத சனம். ஆனா ஒண்டாய் நிக்கினம்" என்றீர்கள். அன்று பிடித்தது உங்களுக்குப் பைத்தியம். அகராதியும் கையுமாக அவர்களைப் பற்றிய செய்தியெல்லாம் வெட்டி ஒட்டினீர்கள். எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் யாராவது சண்டை பிடித்தால் கற்றலோனியாவை இழுப்பீர்கள். பின்வரிசையில் நாங்கள் சிரிப்போம்.

பிறகு, சங்கத்தின் பெயரை மாற்ற வேண்டும், உங்களைப் போன்ற பழைய ஆட்கள் விலக வேண்டும் என்று நாங்கள் இளையவர்கள் கிளம்பினோம். அந்த நேரம் பார்த்து உங்கள் கற்றலோனியாக் கூட்டணி பிளந்தது. அந்தச் செய்தியைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவந்து, வரி வரியாகத் தமிழில் வாசித்தவன் நான். "உங்கடை ஆக்களே பிரிஞ்சு போட்டினம், இனி என்ன சொல்லப் போறியள்?" என்றும் கேட்டேன். மண்டபம் சிரித்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எனக்கு அன்று பெரிய வெற்றி. சீ!

அப்படியும் பெயரை மாற்ற வாக்குப் போதவில்லை. வெளியேறி வேறு சங்கம் பதிந்தோம். பிரிந்துபோன நாங்கள்தான் பெயரில் 'ஐக்கிய' என்று போட்டுக்கொண்டோம், வெட்கம் கெட்ட வேலை. அதோடும் விடவில்லை. பழைய சங்கத்தார் வீட்டுக் கலியாணம், செத்த வீடு என்று எந்த நன்மை தின்மைக்கும் எங்கள் ஆட்கள் யாரும் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். இரண்டு மாதத்தில், ஊரில் அளவெட்டியில் உங்கள் அம்மா செத்துப்போன செய்தி வந்தது. செத்த வீட்டுக்கு யாரும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டும். அது எனக்குத் தெரியாதா?

துக்கம் விசாரிக்கத் தனியே வந்தேன் அண்ணை. மூன்றாம் மாடியில் உங்கள் வீடு. இரண்டாம் மாடி வரைக்கும் ஏறினேன். மேலே கதவடியில் நாலு சோடிச் சப்பாத்துத் தெரிந்தது, எல்லாம் பழைய சங்கத்து ஆட்களுடையவை. அவர்கள் கண்டால் எங்கள் பக்கத்துக்குக் கதை போய்விடும் என்று பயந்து, திரும்பி இறங்கிவிட்டேன்.

அடுத்த பனிக்காலம் வேலையில் நின்றபடியே விழுந்து இறந்துபோனீர்கள். இரண்டு சங்கமும் இரண்டு மலர்வளையத்தோடு வந்தன. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு, உங்கள் மனைவியிடம், படியில் திரும்பிய அந்த நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் தொடங்குவதற்கு முன்பே அக்கா சொன்னார்:

"மாமி செத்த அண்டைக்கு நீர் வாறதை அவர் யன்னலாலை கண்டவர். 'தம்பி வாறான், இன்னொரு தேத்தண்ணி ஊத்தும்' எண்டவர். கனநேரம் உம்மைப் பாத்துக்கொண்டு கதவடியிலை நிண்டவர்."

நான் புதுச் சங்கத்தை விட்டுவிட்டேன். அது பெரிய காரியமில்லை. இப்போது எந்த வீட்டுப் படி ஏறினாலும் இரண்டாம் மாடியில் கால் நின்றுவிடுகிறது. மேலே நீங்கள் கதவடியில் நிற்கிறீர்கள்.